பதின்மூன்று கிலோபைட்டுக்குள் ஒரு கிளித்தட்டு

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பெரியமடுப் பகுதிப் பழைய மாணவியர் ஐவர் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மேடையில் ஒருத்தி நின்றாலும் இது ஐவரின் பேச்சு. எங்களில் மூவர் பெரியமடு, ஒருத்தி விடத்தல்தீவு, ஒருத்தி பள்ளமடு. ஐவரும் ஒரே விடுதி அறையில் ஐந்து ஆண்டுகள் இருந்தவர்கள். விழாக் குழுவினர் எங்களிடம், "நீங்கள் ஏதோ கணினி விளையாட்டுப் போட்டிக்குப் போனீர்களாமே, அதைப் பற்றிப் பேசுங்கள்" என்று கேட்டார்கள். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அந்தப் போட்டியில் நாங்கள் பரிசு பெறவில்லை. உண்மையைச் சொன்னால், போட்டியின் பட்டியலில் எங்கள் ஆட்டமே இல்லை. ஏன் இல்லை என்பதுதான் இன்றைய கதை.

2018 ஓகஸ்டில் உயர்தரம் எழுதினோம். அந்த டிசம்பரில் முடிவு வந்தது. அதற்குப் பிறகு கம்பஸ் அனுமதி வரும்வரை வீட்டில் இருக்கும் அந்த நீண்ட காலம் இங்குள்ள அனைவருக்கும் தெரியும். ஆண் பிள்ளைகள் கடைக்கோ கடலுக்கோ போய்விடுவார்கள். பெண் பிள்ளைகள் கூட்டுவதும் சமைப்பதும், "எப்ப கம்பஸ் கூப்பிடும்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வதுமாக இருப்பார்கள். எங்களில் ஒருத்தியின் காக்கா கட்டாரிலிருந்து அனுப்பிய பழைய லாப்டொப் ஒன்று வீட்டில் இருந்தது. ஐவருக்கும் இருந்த ஒரே கணினி அதுதான். அதில்தான் அந்தப் போட்டியைப் பற்றி முதலில் வாசித்தோம்.

ஜேஎஸ்13கே என்பது அதன் பெயர். போலந்து நாட்டைச் சேர்ந்த அன்ட்ஷெய் மசூர் என்பவர் 2012இல் தொடங்கியது. ஆண்டுதோறும் ஓகஸ்ட் 13ஆம் திகதி ஒரு தலைப்பை அறிவிப்பார்கள். செப்டெம்பர் 13ஆம் திகதிக்குள் அந்தத் தலைப்பில் உலாவியில் ஓடும் ஒரு விளையாட்டைச் செய்து அனுப்ப வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்த எவரும் சேரலாம். வயதுக்கும் நாட்டுக்கும் பட்டத்துக்கும் கட்டுப்பாடில்லை. கட்டுப்பாடு ஒன்றே ஒன்றுதான். படம், சத்தம், எழுத்து, நிரல் எல்லாம் சேர்த்துச் சுருக்கிய கோப்பு 13 கிலோபைட்டைத் தாண்டக்கூடாது. அதாவது 13,312 பைட். கைபேசியில் நீங்கள் எடுக்கும் ஒரு படம் இதைப் போல நூறு மடங்குக்கு மேல் இருக்கும். வெளியிலிருந்து எழுத்துருவோ படமோ இரவல் வாங்கவும் முடியாது. எழுதிய நிரலை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. எங்களுக்கு அது பெரிய உதவி. முந்திய ஆண்டுகளில் மற்றவர்கள் செய்த ஆட்டங்களைத் திறந்து பார்த்துத்தான் நாங்கள் பாடம் படித்தோம்.

2018ஆம் ஆண்டின் தலைப்பு 'இணைப்பில்லாமல்' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல். அதை வாசித்துவிட்டு, பெரியமடுவில் இருப்பவர்களுக்கு அது தலைப்பே இல்லை, அன்றாடம் என்று சிரித்தோம். வீட்டுக்குள் இணைய இணைப்பு ஒழுங்காக வராது. குளக்கட்டில் ஏறி, மேற்கே பார்த்து நின்றால்தான் கொஞ்சம் பிடிக்கும்.

தலைப்பு வருவதற்கு முன்பே எங்களுக்கு ஓர் ஆசை இருந்தது. நாங்கள் எல்லோரும் மாரியோ ரசிகைகள். மாரியோவை மன்னாருக்குக் கொண்டுவர வேண்டும், பள்ளிமுனைப் பெருக்க மரத்தில் ஏற்ற வேண்டும், மன்னார்க் கழுதைகளைத் தாண்டிக் குதிக்கவைக்க வேண்டும் என்று கொப்பியில் படமெல்லாம் கீறிவிட்டோம். ஒரு விளையாட்டை விரும்புகிறவர்கள் தாங்களே அதைப் போல ஒன்று செய்வது உலகெங்கும் நடக்கிறது. ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது என்பதைத் தேடிப் பார்த்தபோதுதான் அறிந்தோம். 2013இல் ஜோஷ் கோல்ட்பேர்க் என்ற அமெரிக்கக் கல்லூரி மாணவர், பழைய மாரியோ ஆட்டத்தை உலாவியில் ஓடும்படி தானே எழுதி இலவசமாக வெளியிட்டார். ஏராளமானோர் விளையாடினார்கள். மாரியோவின் உரிமையாளரான நின்டென்டோ நிறுவனம் ஆட்சேபித்தது. அந்த ஆட்டம் நீக்கப்பட்டது.

அதற்கு அடுத்த ஆண்டு இன்னொன்று நடந்தது. 2014 மார்ச்சில் கப்ரியேலே சிருல்லி என்ற 19 வயது இத்தாலிய இளைஞர் ஒரு வார இறுதியில் '2048' என்ற எண் விளையாட்டைச் செய்தார். எங்கள் விடுதியில் கூட அது இரவு விளக்கணைத்த பின் போர்வைக்குள் ஓடியது. பொறுப்பாளர் மிஸ் இப்போது மன்னிக்க வேண்டும். தன் ஆட்டம் எந்தெந்த ஆட்டங்களை ஒட்டியது என்று சிருல்லி பக்கத்தின் அடியிலேயே எழுதிவைத்தார். நிரலையும் எவரும் எடுத்து மாற்றலாம் என்று திறந்துவிட்டார். அதிலிருந்து எத்தனையோ பேர் தங்கள் தங்கள் 2048ஐச் செய்தார்கள். ஆனாலும் அதற்குச் சில கிழமைகளுக்கு முன் 'த்ரீஸ்' என்ற ஆட்டத்தை ஓராண்டுக்கு மேல் பாடுபட்டு வெளியிட்டவர்களுக்கு அது மனவருத்தம்தான்.

இவற்றை வாசித்த பிறகு எங்களுக்குள் ஒரு கேள்வி வந்தது. நாங்கள் ரசிகைகளாய் இருந்தும், யாருடைய அனுமதியும் தேவைப்படாத ஆட்டம் எது? பள்ளமடுக்காரிதான் சொன்னாள், "விடுதிக் குசினிக்குப் பின்னால ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என்ன விளையாடினாங்கள்?"

கிளித்தட்டு. இங்கே எத்தனை முகங்களில் சிரிப்பு வருகிறது பாருங்கள்!

பாடசாலை மைதானத்தில் வலைப்பந்துதான். இல்ல விளையாட்டுப் போட்டி நிகழ்ச்சி நிரலில் கிளித்தட்டை நாங்கள் கண்டதில்லை. ஆனால் குசினிக்குப் பின்னால், வேப்ப மரத்தடியில், விறகுக் கரியால் கோடு போட்டு எத்தனை தலைமுறை விளையாடியிருக்கிறது! நடுவே நீளமாக ஒரு கோடு, குறுக்கே சில கோடுகள். ஒவ்வொரு குறுக்குக் கோட்டிலும் ஒருத்தி மறிப்பாள். அவள் தன் கோட்டை விட்டு அசையக்கூடாது. கிளி மட்டும் நடுக்கோடு நெடுக ஓடலாம். மற்ற அணி தொடுபடாமல் கடைசிப் பெட்டிவரை இறங்கி, பிறகு திரும்பி ஏற வேண்டும்.

2019 ஓகஸ்ட் 13ஆம் திகதி தலைப்பு வந்தது. 'பேக்' என்ற ஒரே சொல். பின்னால், திரும்ப, மீண்டும் என்று எப்படியும் எடுத்துக்கொள்ளலாம். இறங்கினால் மட்டும் போதாது, திரும்பி வர வேண்டும் என்பது கிளித்தட்டின் விதி. தலைப்பு எங்களுக்காகவே வந்தது போல இருந்தது.

ஆனால் முதல் நான்கு நாட்கள் ஒரு வரி நிரலும் எழுதவில்லை. 12ஆம் திகதி ஹஜ்ஜுப் பெருநாள். 15ஆம் திகதி மடுத் திருவிழா. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு அன்று நடந்தது உங்கள் அனைவருக்கும் தெரியும். அதற்குப் பிறகு நாங்கள் ஐவரும் ஒருவரையொருவர் நேரில் காணவில்லை. விடத்தல்தீவுக்காரிக்கு நீர்கொழும்பில் சொந்தங்கள். பெரியமடுக்காரிகளுக்கு மன்னார் பஸ்ஸில் ஏறுவதே யோசனையாக இருந்தது. தொலைபேசியில் பேசிக்கொண்டோம். "சுகமா?" "சுகம்." அதற்கு மேல் என்ன கேட்பது என்று இரண்டு பக்கமும் தெரியவில்லை. போட்டி என்று ஒன்று வந்திராவிட்டால் அந்த மௌனம் இன்னும் எத்தனை மாதம் நீண்டிருக்குமோ தெரியாது.

17ஆம் திகதி சனிக்கிழமை விடத்தல்தீவுக்காரி தன் அம்மாவுடன் ஓட்டோவில் பெரியமடுவுக்கு வந்து இறங்கினாள். கையில் மடுத் திருவிழாக் கச்சான் பை. எங்கள் வீட்டில் பெருநாள் வட்டிலப்பம் மிச்சம் இருந்தது. பள்ளமடுக்காரி சைக்கிளில் வந்தாள். கொஞ்ச நேரம் ஐவரும் கச்சான் கோதை உடைத்துக்கொண்டு இருந்தோம், யாரும் பேசவில்லை. பிறகு ஒருத்தி கொப்பியை விரித்து, "முதல்ல விதிகளை எழுதுவம்" என்றாள்.

அங்கேதான் சண்டை தொடங்கியது.

கணினிக்கு ஒரு விளையாட்டைச் சொல்லிக்கொடுப்பது சின்னத் தங்கச்சிக்குச் சொல்லிக்கொடுப்பது போலல்ல. தங்கச்சி பார்த்துப் பழகிக்கொள்வாள். கணினிக்கு ஒவ்வொன்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதாதது அதற்கு இல்லை. கோடு எத்தனை? கிளிக்கு நடுக்கோடு மட்டுமா, சுற்றுக் கோடுகளுமா? மறிப்பவளின் கால் கோட்டில் இருக்க வேண்டுமா, கை மட்டும் நீட்டினால் போதுமா? இறங்கிப் போகிறவள் காய் என்றால், அவள் எப்போது பழம் ஆகிறாள்?

விடுதியில் இந்தக் கேள்விகள் எழுந்ததே இல்லை. அங்கே மூத்த அக்காமார் சொன்னதே சட்டம். கடைசிக் கோட்டைத் தாண்டினால் பழம். காயும் பழமும் ஒரே பெட்டியில் நின்றால் பிழை. ஆனால் ஏன் அப்படி என்று வந்தபோது ஒவ்வொருத்தியும் தன் ஊர் விதியைக் கொண்டுவந்தாள். பள்ளமடுவில் காய், பழம் என்ற பேச்சே இல்லையாம், உப்பு என்பார்களாம். ஒருத்தி ஐந்து கோடு என்றாள். பெரியமடுக்காரிகள் மூவரும் மூன்று கோடு என்றோம். "மூன்று கோட்டில என்னடி விளையாட்டு?" என்று விடத்தல்தீவுக்காரி கேட்டது கொஞ்சம் சுட்டது.

எங்களுக்கு ஏன் மூன்று? அதுவரை நாங்கள் யோசித்ததில்லை. குசினியிலிருந்து உம்மாதான் பதில் சொன்னா.

"நீங்க வெளாடிப் பழகினது ஆலங்குடாவுல. கொட்டிலுக்கும் கொட்டிலுக்கும் நடுவுல எத்தன கோடு கீற ஏலும் மகள்? மூண்டுதான்."

இளையவர்களுக்காக ஒரு வார்த்தை. 1990 ஒக்டோபர் கடைசியில் வடமாகாண முஸ்லிம்கள் எல்லோரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். சுமார் 75,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மன்னார் மாவட்டத்திலிருந்து போனவர்களில் மிகப் பலர் புத்தளம் மாவட்டத்தில், தில்லையடி, ஆலங்குடா போன்ற இடங்களில் கிடுகுக் கொட்டில்களில் தங்கினார்கள். பெரியமடுக்காரிகளான நாங்கள் மூவரும் பிறந்தது அங்கேதான். 2009இல் யுத்தம் முடிந்த பிறகே எங்கள் குடும்பங்கள் திரும்பின. நாங்கள் 'திரும்பி' வந்ததாக எல்லோரும் சொன்னார்கள். நாங்கள் அதற்கு முன் ஒருநாளும் பார்த்திராத ஊருக்கு எப்படித் திரும்புவது என்று சின்ன வயதில் எங்களுக்கு விளங்கவில்லை.

அதுவரை எங்கள் மூன்று கோடு எங்கள் ஊர்ப் பழக்கம் என்று நினைத்திருந்தோம். ஊரில் இடம் இருந்தது. அகதி முகாமில் இடம் இருக்கவில்லை. பிள்ளைகள் இருந்த இடத்துக்கு ஏற்ப ஆட்டத்தைச் சுருக்கிக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

அப்போது விடத்தல்தீவுக்காரியின் அம்மா எழுந்தா. அடுப்பிலிருந்து ஒரு சிரட்டைச் சாம்பல் கேட்டா. உம்மாவும் பின்னால் போனா. உம்மா பிறந்ததும் விடத்தல்தீவில்தான். இருவரும் முற்றத்தில் குனிந்து, ஒருவர் இந்தப் பக்கமும் மற்றவர் அந்தப் பக்கமுமாகச் சாம்பலைத் தூவிக்கொண்டே போனார்கள். ஒருவரையொருவர் கேட்கவில்லை. நடுக்கோடு ஒன்று, குறுக்கே ஐந்து. இரண்டு பேரின் கோடும் நடுவில் சரியாகப் பொருந்தியது. 1990க்கு முன் அவர்கள் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஒரே அணியில் விளையாடினார்கள் என்பது தெரியாது.

"பழம் எப்ப?" என்று கேட்டோம்.

"போய்ச் சேந்தவள நாங்க பழமெண்டு சொல்லமாட்டம். ஏறி வந்தாத்தான் பழம்" என்றா உம்மா.

"ஓம், ஏறினாத்தான்" என்றா மற்ற அம்மா.

அந்த விதியையே எடுத்துக்கொண்டோம்.

இனி ஆட்டத்தைச் செய்த விதத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். கணினி அறையில் படிக்கும் தங்கைமாருக்கு இது பயன்படலாம்.

முதலில் மறிப்பவளைச் செய்தோம். ஓடுகிறவள் எங்கே நிற்கிறாளோ அதற்கு நேராகத் தன் கோட்டில் நகர வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் போதும். எழுதினோம். ஒருவராலும் தாண்ட முடியவில்லை. கணினி தவறே செய்யாது. கண் சிமிட்டாது, ஏமாறாது. பிறகு அவளுக்குக் கொஞ்சம் தாமதம் கொடுத்தோம், ஓடுகிறவள் அரை நொடிக்கு முன் நின்ற இடத்தை நோக்கிப் போகும்படி. இப்போது எல்லோரும் மிகச் சுலபமாகத் தாண்டினார்கள். தாமதத்தைக் கூட்டியும் குறைத்தும் மூன்று நாட்கள் போயின. எப்படி வைத்தாலும் அது கிளித்தட்டாக இல்லை.

மீண்டும் முற்றத்தில் இறங்கி நாங்களே விளையாடிப் பார்த்தபோது பிழை தெரிந்தது. கிளித்தட்டில் யாரும் தனியாகத் தாண்டுவதில்லை. ஒருத்தி மறிப்பவளின் ஒரு பக்கத்தில் நின்று பாசாங்கு காட்டுவாள். மறிப்பவள் அந்தப் பக்கம் சாய்வாள். அந்த நேரம் மற்றவள் மறு பக்கத்தால் பாய்வாள். பாசாங்கு காட்டியவள் பெரும்பாலும் தொடுபடுவாள். யாரோ ஒருத்தி மறிப்பவளைத் தன் பக்கம் இழுத்ததால்தான் இன்னொருத்தி போகிறாள். எங்கள் திரையில் ஓடுகிறவள் ஒருத்தி மட்டுமே இருந்தாள்.

ஆகவே ஒரே விசைப்பலகையில் இருவர் விளையாடும்படி மாற்றினோம். ஒருத்திக்கு அம்புக்குறி விசைகள், மற்றவளுக்கு இடப்பக்கத்து எழுத்துகள் நான்கு. இருவரில் யார் கிட்ட இருக்கிறாளோ அவளை நோக்கி மறிப்பவள் போவாள். இந்தச் சின்ன மாற்றத்தோடு ஆட்டம் உயிர் பெற்றது. விளையாடும் இருவரும் தோள் உரசி உட்கார வேண்டும். "நீ காட்டு, நான் பாயிறன்" என்று கத்த வேண்டும். ஏப்ரலுக்குப் பிறகு எங்கள் முற்றத்தில் அந்தச் சத்தம் அப்போதுதான் கேட்டது.

பிறகு எழுத்துப் பிரச்சினை வந்தது. ஆட்டத்தின் பெயரும் விதிகளும் தமிழில் இருக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். ஆனால் இணையத்தில் வழங்கும் முறைப்படி ஓர் ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும். தமிழில் 'க' என்றால் 3 பைட். 'கி' என்றால் எழுத்துக்கு 3, விசிறிக்கு 3, ஆக 6. புள்ளிக்கும் 3. எங்கள் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 10 பைட். 'பெரியமடு' என்று எழுதினால் 24. 'கிளித்தட்டு' 33. கோப்பைச் சுருக்கும்போது இந்த வேறுபாடு குறையும் என்பது உண்மை. என்றாலும் 13,312 பைட்டுக்குள் குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு ஒவ்வொரு பைட்டும் அரிசி மணி போல. விதிகளைத் தமிழில் எழுத எழுத, மறிப்பவளின் பின்னலையும் குளக்கட்டுப் பனைகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினோம்.

செப்டெம்பர் 13 வெள்ளிக்கிழமை. ஜும்ஆ நாள், போயா விடுமுறையும் கூட. இலங்கை நேரப்படி மாலை 4.30க்கு முடிவு நேரம். அன்று காலை கோப்பை அளந்தோம். 13,870 பைட். 558 அதிகம்.

இங்கே எங்கள் பிழையை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு மாதம் முழுவதும் நாங்கள் கோப்பை ஒழுங்காக அளக்கவில்லை. கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். பின்னேரம் மூன்று மணிவரை அங்கும் இங்கும் சுரண்டினோம், போதவில்லை. எங்களில் ஒருத்தி சொன்னாள், "விதிகளை எடுத்துவிடுவம். பார்க்கிறவர்களுக்குத் தமிழ் தெரியாதே. ஆங்கிலத்தில் நான்கு சொல் போடுவம்." வாக்கெடுத்தோம். மூவர் எடுத்துவிடலாம் என்றோம், இருவர் வேண்டாம் என்றோம். யார் மூவர், யார் இருவர் என்பதை இன்றுவரை வெளியே சொல்லாமல் வைத்திருக்கிறோம்.

தமிழை நீக்கினோம். கோப்பு 13,312க்குள் வந்தது. திறந்து பார்த்தால் திரை வெறும் வெள்ளை. அவசரத்தில் வரிகளை வெட்டியபோது எங்கோ ஒரு மேற்கோள் குறியும் சேர்ந்து வெட்டுப்பட்டிருக்கிறது. ஐந்து தலைகள் ஒரு திரையில் முட்டிக்கொண்டு தேடினோம். ஒருத்தி போனைத் தூக்கிக்கொண்டு குளக்கட்டில் இணைப்புக்காக நின்றாள். குறியைக் கண்டுபிடித்தபோது மணி 4.31.

கட்டில் நின்றவள் இறங்கி வரும்வரை யாரும் பேசவில்லை. அவள் வந்து எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "தமிழையும் வெட்டி, போட்டியையும் விட்டிட்டம் என்ன?" என்றாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு முதல் வேலையாகத் தமிழை மீண்டும் சேர்த்தோம். இனி அளவுக்கு யார் கேட்பார்? பனைகளும் பின்னலும் திரும்பி வந்தன. 'ஏறி வந்தால்தான் பழம்' என்ற வரி முதல் பக்கத்தில் இருக்கிறது. கோப்பை ஒருவருக்கொருவர் அனுப்பினோம். அது இணையம் இல்லாமலும் ஓடும். இரண்டு அம்மாமாரும் அதை விளையாடினார்கள். விடத்தல்தீவுக்காரியின் அம்மா பாசாங்கு காட்ட, உம்மா பாய்ந்தா. "எங்கட காலத்துல இவள்தான் எப்பவும் தொடுபடுவாள்" என்று உம்மா சொன்னா.

அதற்குப் பிறகு அந்தக் கோப்பு எங்கெங்கோ போனது. மலேசியாவில் வாழும் எங்கள் பழைய மாணவி அக்கா ஒருவர் எழுதினார்: "இது இங்குள்ள மலாய்ப் பிள்ளைகளின் கலா பாஞ்சாங் அல்லவா?" அதன்பிறகுதான் தேடினோம். இந்தோனேசியாவில் கோபாக் சோடோர், பிலிப்பைன்ஸில் பட்டின்டெரோ, மகாராஷ்டிராவில் ஆட்யா பாட்யா. எல்லாம் கோடு போட்டு மறிக்கும் ஆட்டங்களே. நம் நாட்டிலேயே தாச்சி மறித்தல் என்றும் யாடு என்றும் இதற்குப் பெயர்கள் உண்டு. நடுவர்களுக்கு விளங்காது என்று நாங்கள் பயந்த ஆட்டம் இத்தனை கடற்கரைகளில் விளையாடப்பட்டிருக்கிறது. வாக்கெடுப்புக்கு முன் இதைத் தேடியிருந்தால் எங்கள் முடிவு வேறாக இருந்திருக்குமோ என்று இன்றும் பேசிக்கொள்வோம்.

இப்போது ஐவரில் ஒருத்தி ஆசிரியை, ஒருத்தி தாதி, ஒருத்தி கொழும்பில் மென்பொருள் நிறுவனத்தில், ஒருத்தி டோஹாவில், ஒருத்தி ஊரில் தையற்கடை வைத்திருக்கிறாள். அந்தப் போட்டி இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. சேர விரும்பும் தங்கைமாருக்கு எங்கள் அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள். நிரல் எழுதுவதற்கு முன் விதிகளைத் தாளில் எழுதுங்கள். எழுதியதை அந்த ஆட்டம் தெரிந்த ஒரு மூத்தவரிடம் வாசித்துக் காட்டுங்கள். முதல் நாளிலிருந்தே கோப்பை அளவுங்கள். கடைசி நாளில் புதிதாக எதையும் வெட்டாதீர்கள். எதை இழக்கக்கூடாது என்பதை முதல் கிழமையிலேயே முடிவு செய்துவிடுங்கள். மாலை நான்கு மணிக்கு வாக்கெடுத்தால் எங்களைப் போல் ஆகிவிடும்.

சங்கத்திடம் இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று, ஆண்டுதோறும் ஓகஸ்ட் 13 முதல் ஒரு மாதம், பாடசாலை முடிந்த பின் கணினி அறையைப் பெண் பிள்ளைகளுக்குத் திறந்துவைக்க வேண்டும். வீட்டில் கணினியும் இணைப்பும் இல்லாதவர்களே எங்கள் ஊர்ப் பக்கம் அதிகம். எங்களில் யாராவது ஒருத்தி வந்து துணைக்கு இருப்போம்.

மற்றது இந்த மலரை வாசிக்கும் அனைவருக்குமானது. நீங்கள் லண்டனில் இருந்தாலும், டொரொன்டோவில் இருந்தாலும், பேசாலையில் இருந்தாலும், உங்கள் ஊரில் கிளித்தட்டு எப்படி விளையாடினீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். ஊர்ப் பெயர், எத்தனை கோடு, கிளிக்கு எந்தக் கோடுகள், பழம் எப்போது. கோடு எதனால் போட்டீர்கள், சாம்பலா, கரியா, தண்ணீரா என்றும் எழுதுங்கள். உங்கள் அம்மா இருந்தால் அவரிடம் கேட்டு எழுதுங்கள். கோடுகளின் எண்ணிக்கை குறைந்திருந்தால், எங்கே எப்போது குறைந்தது என்றும் கேளுங்கள். எங்கள் மூன்று கோட்டின் காரணத்தை உம்மா சொல்லியிராவிட்டால் நாங்கள் அதை ஊர் வழக்கம் என்றே உங்களுக்குச் சொல்லியிருப்போம். வருவதையெல்லாம் தொகுத்துச் சங்கத்திடம் கையளிப்பது எங்கள் பொறுப்பு.

இன்று மதிய உணவுக்குப் பிறகு குசினிக்குப் பின்னால் ஐந்து கோடு போடப்பட்டிருக்கும். அதிபர் அவர்களிடம் அனுமதி வாங்கிவிட்டோம். சேலை கட்டி வந்தவர்கள் மறிக்கும் பக்கம் நில்லுங்கள், ஓடத் தேவையில்லை. காலணிகளை வேப்ப மரத்தடியில் கழற்றி வையுங்கள்.